மண்ணுக்குள் கிடைத்த வெள்ளி ரூபாய்: தேய்க்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி:

"பழைய வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டினோம். மூன்றடி ஆழத்தில் ஒரு சின்ன மண்கலயம். உள்ளே 27 வெள்ளி ரூபாய், ராஜா தலை, ராணி தலை. பாதி கறுப்பு, பாதி பச்சைக் களிம்பு. நாலைந்து காசுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் அம்மா. தேய்க்கலாமா? ஒரு காசு எவ்வளவு போகும்? லட்சக்கணக்கில் தருவதாக இணையத்தில் விளம்பரம் பார்த்தேன்."

பிப்ரவரி 3, காலை

தேய்க்காதீர்கள். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இன்னும் தேய்க்கவில்லை என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. தேய்த்த காசைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது.

கலயத்தையும் தூக்கிப் போடாதீர்கள். உடைந்திருந்தால் சில்லுகளை ஒரு பையில் கட்டி வையுங்கள். எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அந்தக் குழியையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மற்றதை மாலையில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, இரவு

காலையில் அவசரத்தில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மண்ணுக்குள் மறைந்து கிடந்து வெளியே வரும் பொருளுக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இருக்கிறது: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878இல் வைத்த வரம்பு. இன்றைக்கு ஒரே ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தாலும் அதைத் தாண்டிவிடும். தெரிவிக்காமல் மறைத்தால் உங்களுக்கு வர வேண்டிய பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

பயப்படத் தேவையில்லை. வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ போய், ஆட்சியர் பெயருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். காசுகளை ஒப்படைக்கச் சொன்னால் எண்ணிக்கையும் ஆண்டும் எழுதி மகஜர் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுவாமல், இருக்கிற நிலையிலேயே.

பிப்ரவரி 4

"தேய்க்காதே என்று சொல்ல உங்களுக்கு என்ன அனுபவம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். மாட்டுக் கொட்டகையின் பழைய மண்சுவர் மழையில் சரிந்தது. மண்ணை அள்ளிப் போடும்போது ஐந்து வெள்ளி ரூபாய் வந்தன. இப்படி ஒரு சட்டம் இருப்பது அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்கு காசுகளை அன்று மாலையே கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டு ஊறவைத்து, சாம்பலால் தேய்த்தேன். கை வலிக்கிற வரைக்கும் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னின. வீட்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எவ்வளவு பெருமை அன்றைக்கு!

ஐந்தாவது காசை என் அக்கா எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அது தேய்படாமல் தப்பியது.

இருபது வருடம் கழித்து ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். நான்கு காசுகளிலும் ராணியின் கன்னத்தில் ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். கூந்தல் பின்னலின் இழைகள் மழுங்கிவிட்டன. ஓரத்துப் பற்களுக்குள் சாம்பல் இன்னும் அடைந்திருந்தது. ஐந்தாவது காசு அழுக்காகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழுக்குக்கு அடியில் கூந்தல் இழை ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது.

அன்றைக்கு மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இங்கே யாராவது தேய்க்கலாமா என்று கேட்டால் உடனே பதில் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்ட தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். 27 காசில் 3 காசு 1835, நாலாம் வில்லியம் தலை. 9 காசு 1840, விக்டோரியா ராணி. 15 காசு 1862, கிரீடம் வைத்த விக்டோரியா. வேறு ஆண்டு இல்லை. ஒட்டிக் கிடப்பவையும் ஓரத்தில் தெரிகிற எழுத்தை வைத்து 1862தான்.

1835க்கு ஒரு தனி இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே எடை, ஒரே தரத்தில் ரூபாய் அடிக்கத் தொடங்கிய ஆண்டு அது. அதற்கு முன் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் வெவ்வேறு ரூபாய்கள் ஓடின. 1835இல் வைத்த அளவு 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. ஒரு தோலா என்பதும் இதே 180 கிரெயின்தான். தராசில் படிக்கல்லுக்குப் பதில் ரூபாயைப் போட்டு நிறுத்தது இதனால்தான்.

ஆக, கலயத்தைப் புதைத்தது 1862இலோ அதை ஒட்டியோ இருக்கலாம். கடைசி ஆண்டுதானே கணக்கு.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

மேலே கடைசி வரி தவறு. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. எனக்குத் தெரிந்த விஷயத்தையே மறந்து எழுதிவிட்டேன்.

காசில் 1862 என்று இருந்தால் 1862இல் அடித்தது என்று அர்த்தமில்லை. அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். 1840 காசும் அப்படித்தான், அதே தேதியோடு பல வருடம் வந்தது. தலையைச் சுற்றி எழுத்து இடைவெளி இல்லாமல் ஓடினால் முந்தையது, தலைக்கு இரு பக்கமும் பிரிந்து நின்றால் பிந்தையது. பம்பாயில் அடித்த 1862 காசுகளில் தேதிக்குக் கீழும் மேலும் சின்னப் புள்ளிகள் இருக்கும். பிற்பாடு எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கு அந்தப் புள்ளிகளைத்தான் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள் சேகரிப்பவர்கள்.

அதனால் கலயம் மண்ணுக்குள் போனது 1862க்கும் 1870களின் நடுவுக்கும் இடையில் இருக்கலாம். 1877 முதல் "எம்பிரஸ்" என்று எழுதிய காசு வந்துவிட்டது. அப்படி ஒன்றுகூட இந்தக் கலயத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பொருந்துகிறது.

பாருங்கள், அந்தப் புள்ளிகள் ஊசிமுனை அளவுதான் இருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அவைதான்.

பிப்ரவரி 7

கறுப்பு என்ன, பச்சை என்ன, சாம்பல் நிறம் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

கறுப்பு, வெள்ளி சல்பைடு. காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வருவது. மெல்லிய படலம், காசுக்குக் கெடுதல் இல்லை. பெட்டியில் வைத்த கொலுசு கறுப்பதும் இதுதான்.

பச்சை, செம்பின் களிம்பு. ரூபாயில் ஒரு பங்கு செம்பு இருக்கிறதல்லவா, ஈரமண்ணில் அது கசிந்து வெளியே வந்து பச்சையாகப் படிகிறது. காசுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதற்கும் பெரும்பாலும் இந்தக் களிம்புதான் காரணம்.

கவனிக்க வேண்டியது மூன்றாவது நிறம். சாம்பலாகவோ லேசான ஊதாவாகவோ, மெழுகு தடவியது போல ஒரு படலம். அது வெள்ளி குளோரைடு. உப்புச் சத்துள்ள மண்ணில் வரும். இங்கே வெள்ளியின் மேற்பரப்பே உருமாறிவிட்டது. உருவத்தின் நுணுக்கம் சில சமயம் அந்தப் படலத்துக்குள்தான் தங்கியிருக்கும். சுரண்டினால் படலத்தோடு உருவமும் வந்துவிடும்.

இன்னொன்று. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம். வெளியே முழுசாகத் தெரியும், கீழே போட்டால் விரிசல் விடும். கல்லில் சுண்டி ஓசை கேட்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. மண்ணிலிருந்து எடுத்த காசை அப்படிச் சுண்டாதீர்கள்.

பிப்ரவரி 9

தம்பி மனு கொடுத்துவிட்டார். தாலுகா அலுவலகத்திலிருந்து வந்து பட்டியல் எழுதிக் காசுகளையும் கலயச் சில்லையும் வாங்கிப் போயிருக்கிறார்கள். நகல் கையில் இருக்கிறது. மிக நல்லது.

இப்போது அவர் கேட்கிறார்: "காசு எனக்குத் திரும்ப வருமா? அதை எடுத்தது குழி வெட்டிய ஆள். அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமா?"

முதல் கேள்விக்கு, சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருகிறவர்களை வரச் சொல்வார். நூறு ஆண்டுக்குள் புதைத்தது என்று காட்டி யாராவது வாரிசு வந்தால் வழக்குமன்றம் வரை போகலாம். யாரும் இல்லை என்றால் உரிமையாளர் அற்றது என்று அறிவிப்பார்கள். அப்புறம் பங்கு. அரசு தனக்கே வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மாநிலத் திருத்தம் ஏதாவது உண்டா என்று அதே அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்கிறது 1878 சட்டம். இடம் உங்களுடையது. கண்டெடுத்தவர் யார்? கடப்பாரையைப் பிடித்திருந்தவர். கூலிக்கு வந்தவர் என்பதால் அவர் கண்டெடுத்தவர் ஆகமாட்டாரா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: மனுவில் அவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அவர் கண்ணில் பட்டதை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. உங்களைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 12

"கையில் இருக்கிற பழைய ரூபாயை எப்படித்தான் சுத்தம் செய்வது?" என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தாத்தா பெட்டியில் இருந்தது, கடையில் வாங்கியது போன்றவற்றுக்குச் சொல்கிறேன். புதையலில் கை வைக்காதீர்கள், அதைப் பார்க்க வேண்டியவர்கள் முதலில் பார்க்கட்டும்.

எனக்குப் பழகிய முறை இதுதான். காய்ச்சி வடித்த நீர், பேட்டரிக்கு ஊற்றுவது, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைப் போட்டு விடுவேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். தினமும் தண்ணீரை மாற்றுவேன். ஒரு வாரம், சில காசுக்கு ஒரு மாதம். மண் தானாக நெகிழ்ந்து விழும். விழாத இடத்தைக் கூர்மையான மூங்கில் குச்சியால், ஈரமாக இருக்கும்போதே, லேசாகத் தள்ளுவேன். உலோக ஊசி கூடாது. காய்ந்த மண்ணைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. மண்ணுக்குள் மணல் இருக்கிறது, மணல் வெள்ளியைக் கீறும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுப்பேன். சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாமல். பிறகு துணியால் துடைக்காமல், மேலே வைத்து ஒற்றி எடுத்து உலரவிடுவேன்.

கறுப்பு கட்டாயம் போக வேண்டும் என்கிறவர்களுக்கு அலுமினியத் தாள் முறை இருக்கிறது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் காசைப் படும்படி வைத்து, சோடா மாவு கலந்த வெந்நீரை ஊற்றுங்கள். அலுமினியம் தன்னை விட்டுக்கொடுத்து, கறுப்பில் இருக்கும் வெள்ளியை மறுபடி வெள்ளியாக்குகிறது. கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாக வெளியே வரும். தேய்ப்பதில்லை, அதனால் பாதுகாப்பான முறை.

பிப்ரவரி 13

நேற்று "பாதுகாப்பான முறை" என்று எழுதினேன். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முழுசாகச் சொல்லவில்லை.

வீட்டிலேயே இருந்து கறுத்த காசுக்கு அது சரி. மண்ணிலிருந்து வந்த காசுக்குச் சரியில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாம்பல் நிற அரை ரூபாயை அலுமினியத் தாளில் போட்டேன். பத்து நிமிடத்தில் அந்தப் படலம் மாவு போன்ற வெள்ளியாக மாறி, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளிறி நின்றது. எழுத்துகள் இருந்தன, ஆனால் உயிர் போய்விட்டது. இன்னொன்று, வீட்டுக் காசிலும் பல வருடம் சேர்ந்த நீலமும் பொன்னிறமும் கலந்த இயற்கை நிறம் இருந்தால் அதைச் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். இந்த முறை அதையும் அழித்துவிடும்.

ஆகவே சந்தேகம் இருந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமோனியாவில் ஊறவைத்தால் சாம்பல் படலம் கரையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கரையும், உண்மைதான். ஆனால் வெள்ளி கரைந்த அமோனியாக் கரைசலை மூடி வைத்தால், நாள்பட வெடிக்கும் பொருள் உண்டாகும். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிப்ரவரி 13, இரவு

பற்பசை, பல்பொடி, விபூதி, செங்கல்தூள், எலுமிச்சை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், வேண்டாம். பொடி கீறும். புளிப்பு களிம்பை மட்டும் எடுக்காது, காசுக்குள் இருக்கிற செம்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

நகைக்கடையில் கொடுத்துப் பாலிஷ் போடலாமா என்றால், நான் ஒரு முறை கொடுத்தேன். 1835 ரூபாய் ஒன்று. சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் புத்தம் புதிதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ராஜாவின் காது காணாமல் போயிருந்தது. கொடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவருக்கு அது வெள்ளி, எனக்குத்தான் அது காசு.

பிப்ரவரி 16

இனி விலை. தம்பி முதல் நாளே கேட்டது.

முதலில் உலோகம். 11.66 கிராம் ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அது அடித்தளம். தேய்ந்த காசானால் எடை குறைந்திருக்கும், நிறுத்துப் பார்த்து அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு கணக்கிடுங்கள். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு இந்தக் கணக்கு ஆகாது. போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதில் சுத்த வெள்ளி 5.83 கிராம்தான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும்.

அடுத்தது அபூர்வம். வயது அதிகமானால் விலை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். 1862 ரூபாய் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழையது, ஆனாலும் ஏராளமாகக் கிடைக்கிறது. 1939 ரூபாய் அதைவிட எவ்வளவோ இளையது. ஆனால் கிடைப்பது மிக அரிது, அதனாலேயே போலியும் அதிகம். 1911ஐயும் தேடுவார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மேலங்கியில் செதுக்கிய யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள்.

மூன்றாவது நிலை. உருவம் எவ்வளவு தேயாமல் இருக்கிறது, மேற்பரப்பு தொடப்படாமல் இருக்கிறதா. ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் இடம்) அடித்த காசு இரண்டில் ஒன்று வெள்ளி விலைக்குப் போகும், இன்னொன்று அதைப் போலப் பல மடங்கு. பளிச்சென்று தேய்த்த காசு பெரும்பாலும் முதல் வகையில் போய்ச் சேரும்.

உங்கள் 27இல் நான் ஆவலோடு பார்ப்பது 1862 புள்ளிகளைத்தான். சில புள்ளி வகைகள் அரிது. மற்றவை வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சத்தை மறந்துவிடுங்கள்.

பிப்ரவரி 17

லட்சம் தருவதாக விளம்பரம் போடுகிறவர்கள் அடுத்ததாகப் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு வரி, பிறகு கமிஷன். இப்படிப் பணம் கேட்பதற்குத் தன் பெயரையே பயன்படுத்துகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த வங்கி இந்த வியாபாரத்தில் கிடையாது. காசை விற்கிறவர் பணம் கட்ட வேண்டும் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் உருவம் போட்டு "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1616" என்று எழுதிய காசும் இதே வகை. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த செம்பு என்று வருகிறவர்களைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன். நேற்று ஒரு வாசகர், தன் மாமா அதற்காக நிலத்தை விற்றதை எழுதியிருந்தார். படித்து மனசு கனத்துவிட்டது.

பிப்ரவரி 20

போலியா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு நல்ல வழி. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். காசை நிறுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. முழு எடையுள்ள நல்ல ரூபாய்க்கு 1.13 கிராம் வரும். பாதி வெள்ளி ரூபாய்க்கு 1.22. பித்தளையில் வார்த்த போலியானால் அதே எடைக்கு 1.37 போல வரும். உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்தால் காசில் கோடு விழும், இதில் ஒரு கீறலும் இல்லை.

பிப்ரவரி 21

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம். என் ஐந்தாவது காசை இப்படிச் சோதித்தேன். அடர்த்தி குறைவாக வந்தது, ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் புரிந்தது. வெள்ளி குளோரைடின் அடர்த்தி 5.56, வெள்ளியின் அடர்த்தி 10.49. படலம் தடித்த காசில் அந்தக் குறைவு கணக்கைக் கீழே இழுத்துவிடும். ஆகவே மண்ணிலிருந்து வந்த காசுக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓரப் பற்கள், எழுத்தின் கூர்மை, வார்ப்பில் வரும் சிறு துளைகள், இவற்றையும் பாருங்கள்.

பிப்ரவரி 24

கேள்வியிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மக்கள் வெள்ளி ரூபாயைப் புதைத்தது ஒரு காலத்தில் உலகத்தையே அசைத்தது. முதல் உலகப் போரில் ரூபாய் கையில் கிடைத்தவர்கள் அதை வெளியே விடவில்லை. அடிக்க வெள்ளி போதவில்லை. 1917 நவம்பரில் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது அதனால்தான். 1918இல் அமெரிக்கா பிட்மேன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கியது. அதில் பெரும்பகுதி வெள்ளி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1918, 1919 என்று ஆண்டு போட்ட ரூபாயைக் கையில் எடுத்தால், இதில் ஒரு பங்கு அமெரிக்க டாலராக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கும் முன்னால் பார்த்தால் கோயம்புத்தூர் பக்கம், கரூர் பக்கம் ரோமானிய வெள்ளிக் காசு. அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டவைதான் அதிகம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்தில் போய்ப் பாருங்கள். புதையல் காசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வீண் என்று நினைப்பவர்கள் கட்டாயம் ஒரு நாள் போக வேண்டும்.

மார்ச் 2

வைப்பது எப்படி என்று ஒரு கேள்வி. மெத்தென்ற பிளாஸ்டிக் உறை, பழைய ஆல்பத்தில் வருவது, பெரும்பாலும் பிவிசி. அது நாளாக நாளாக அமிலம் விட்டுப் பச்சைப் பிசின் போலக் காசில் ஒட்டும். மைலார் (ஒரு வகை பாலியெஸ்டர் தாள்) உறை கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதில் கந்தகம் இருக்கிறது. பிடிக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு ஆசையாக அனுப்பிவிடாதீர்கள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை இருக்கிறது.

மார்ச் 9

தம்பியிடமிருந்து செய்தி. ஆட்சியர் அலுவலகத்தில் அறிவிப்பு போட்டிருக்கிறார்கள், முடிவு வர நாளாகும். குழி வெட்டியவரின் பெயரையும் மனுவில் சேர்த்துவிட்டார். அவரும் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பட்டியல் எழுதும்போது, ஒட்டியிருந்த காசுகளின் மேல் பச்சைக் களிம்பில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்ததாம். கூடவே படமும் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். துணியின் நெசவு. குறுக்கிழையும் நெட்டிழையும் அப்படியே. காசைச் சுற்றியிருந்த துணி மக்கிப் போய்விட்டது, ஆனால் கசிந்த செம்பு அந்த இழைகளுக்குள் ஊறி உறைந்து, துணியின் அச்சைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. யாரோ ஒரு முந்தானைத் துண்டிலோ வேட்டிக் கிழிசலிலோ முடிந்துதான் கலயத்துக்குள் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 9, இரவு

உடனே போய் என் ஐந்தாவது காசை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம், "ஒன் ருப்பி" என்ற எழுத்துக்கு மேலே, நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு. இத்தனை வருடம் அதை வெறும் களிம்பு என்றே நினைத்திருந்தேன். அதிலும் இழைகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், ஒரு பக்கம் பதினொன்று, இன்னொரு பக்கம் ஒன்பது.

மற்ற நான்கு காசிலும் இருந்திருக்கும். தண்ணீரில் ஊறவைக்கலாம் என்று இதற்காக எடுத்து வைத்திருந்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தத் தகர டப்பாவையும் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.